குடல் அழற்சியும் மூட்டு வலியும்: உணவில் கவனிக்க வேண்டியவை

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை முழுதும் மரம் சீவி, பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வரும் தொழிலாளிக்கு முழங்காலும் இடுப்பும் வலிப்பது புதுமையன்று. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, தாழ்ந்த பட்டையை வெட்டக் குனிந்தும் குந்தியும் வேலை செய்பவர்கள் மூட்டு வலியைத் தொழிலோடு வந்ததென்று ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால், சிலருக்கு வலியின் வேர் முழங்காலிலும் இல்லை, முதுகிலும் இல்லை, குடலில் இருக்கின்றது. அத்தகையோர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தும் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியும் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். விழுங்கிய மாத்திரையே குடலை மேலும் புண்ணாக்குவதும் உண்டு.

இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகின்றது.

ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். இன்று வங்சா மாஜு என்று வழங்கும் பகுதி முன்னாளில் ஹாவ்தோர்ண்டன் ரப்பர் தோட்டமாக இருந்தது. அங்கே பால் வெட்டிய பெற்றோரின் மகன் இப்போது அம்பாங்கில் அடுக்குமாடி வீட்டில் வாழ்கின்றார். அவருடைய தமக்கையார் சிலாங்கூரின் உட்புறத் தோட்டமொன்றில் இன்னும் மரம் சீவுகின்றார். தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்கு வந்த தமக்கையார், வந்த நாள் தொட்டு ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை கழிவறைக்குச் செல்கின்றார். முழங்கால் வீங்கியிருக்கின்றது. உடல் மெலிந்திருக்கின்றது. "என்ன அக்கா, இப்படி இளைத்துப் போய்விட்டீர்கள்?" என்று தம்பி கேட்டால், "கால் வலிதான் தம்பி, வேறொன்றுமில்லை" என்பதே மறுமொழி.

மறுநாள் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கின்றார்கள். அங்கும் அவர் காலைப் பற்றி மட்டுமே பேசுகின்றார். நான்கு மாதமாக வயிறு போவதையும், மலத்தோடு இரத்தமும் சளியும் விழுவதையும் சொல்வதற்கு அவருக்குக் கூச்சம். மருத்துவர் துருவிக் கேட்டிராவிட்டால், கையில் இன்னொரு வலி மாத்திரையோடு வீடு திரும்பியிருப்பார்.

இது கற்பனைக் குடும்பமேயாயினும், தோட்டப்புற மருத்துவமனையில் பணியாற்றிய எவரும் இத்தகையோரை அறிவர்.

நம்மவரிடையே இந்நோய்

குடல் அழற்சி நோய் என்பது இரண்டு நோய்களுக்குரிய பொதுப் பெயர். ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. மற்றொன்று குரோன் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இதனை விளக்கி எழுதிய மருத்துவர்களுள் ஒருவரான குரோன் என்பவரின் பெயரால் வழங்குவது. மேனாட்டார் நோயென்று நெடுங்காலம் கருதப்பட்டதால், நம் நாட்டில் ஒருவருக்கு இந்நோய் இருக்குமென்ற எண்ணமே முன்பெல்லாம் எழுவதில்லை. வயிற்றுப்போக்கு என்றால் சீதபேதி, அமீபா, புழு என்றே கொள்ளப்பட்டது. தோட்டங்களின் பழைய நிலையில் அது தவறுமன்று.

ஆனால், மலேசியாவில் நடந்த ஆய்வுகள் நாம் கவனிக்க வேண்டிய செய்தியொன்றைத் தருகின்றன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சி மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் புதிய நோயாளிகளைக் கணக்கெடுத்து 2015இல் வெளியான ஆய்வும் அதனையே கூறிற்று. அங்கு எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்நோய் புதிதாகத் தோன்றியது. இந்தியரிடையே மட்டும் அது இலட்சத்திற்கு ஏறத்தாழ இருவர் என்றிருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்தியரிடையே 1990களில் நடந்த ஆய்வும் இதே போக்கைக் காட்டியது.

ஆக, இது அரிய நோய்தான், அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், அது வரும் வீடுகளில் நம் வீடுகள் கூடுதலாக இருக்கின்றன.

பட்டையைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம்

இவ்விரு நோய்களின் வேறுபாட்டைப் பால் வெட்டுவோருக்கு விளக்குவது எளிது. பெருங்குடல் புண் அழற்சி, பட்டையின் மேற்புறத்தைச் சீவியது போன்றது. பெருங்குடலின் உட்சவ்வு மட்டும் சிவந்து புண்ணாகி இரத்தம் கசியும். குரோன் நோயோ, கைதவறி உளி மரத்தையே தொட்டுவிட்ட காயம் போன்றது. அது குடற்சுவரின் முழுக் கனத்தையும் தாக்கும். அவ்வாறு காயம்பட்ட மரத்தில் பட்டை ஆறும்போது முண்டும் முடிச்சுமாக ஆறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடலும் அப்படியே தடித்து ஆறி, உள்வழி குறுகிப் போவதுண்டு. இக்குறுகிய வழி பின்னர் உணவைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகும்.

இரண்டிலும் நோய்க்குக் காரணம் கிருமி ஒன்று புகுந்ததன்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல், குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களோடு ஓயாத சண்டையில் இறங்கி, குடலையே புண்படுத்துகின்றது. அச்சண்டையில் தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் இரத்தத்தின் வழியே சென்று மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்குகின்றன. கண் சிவந்து வலித்தலும், முன்காலில் சிவந்த கட்டிகள் தோன்றுதலும் இதே வழியில் வருவனவே.

வயிற்றில் வாயு சேர்ந்தால் மூட்டில் பிடிக்கும் என்று நம் முன்னோர் கூறினர். வயிற்றுக்கும் மூட்டுக்கும் தொடர்பு கண்டதில் அவர்கள் தவறவில்லை. போய்ச் சேர்வது வாயுவன்று என்பதே வேறுபாடு.

வேலை வலியா, அழற்சி வலியா?

வேலையால் வரும் வலி காலையில் குறைந்தும், வேலை ஏற ஏற மிகுந்தும், மாலையில் காலை நீட்டி ஓய்ந்தால் தணிந்தும் போகும். அழற்சி வலி இதற்கு நேர்மாறு. இரவின் பின்பாதியில் உறக்கத்தைக் கலைக்கும். எழுந்ததும் மூட்டு இறுகிப்போய், அரைமணி நேரத்திற்கு மேலாகியும் இளகாது. நடமாடத் தொடங்கினால் மெல்லத் தணியும். ஓய்ந்து உட்கார்ந்தால் மறுபடி இறுகும். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டியவருக்கு இந்த இறுக்கம் எத்துணைத் துன்பமென்று சொல்ல வேண்டுவதில்லை.

குடல் நோயோடு வரும் மூட்டு வலியிலும் வகைகள் உண்டு. ஆக்ஸ்போர்டு நகர மருத்துவர்கள் ஏறத்தாழ 1,500 நோயாளிகளை ஆராய்ந்து 1998இல் எழுதியதை இன்றும் மருத்துவர்கள் கைக்கொள்கின்றனர். முதல் வகையில் முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் ஐந்துக்குக் குறைந்தவையே வீங்கும். குடல் சீறும்போது அவையும் சீறும். குடல் அடங்கினால் பெரும்பாலும் பத்து வாரங்களுக்குள் தாமும் அடங்கும். மூட்டு நிலையாகக் கெடுவதில்லை. இரண்டாம் வகையில் விரல் மூட்டுகள் போன்ற சிறியவை ஐந்தோ அதற்கு மேலோ வலிக்கும். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீளும். குடல் அடங்கினாலும் இவை அடங்குமென்று சொல்ல முடியாது. இவையன்றி இடுப்பெலும்புப் பூட்டையும் முதுகெலும்பையும் பற்றும் வகை ஒன்றுண்டு. அதுவும் குடலின் போக்கைப் பின்பற்றுவதில்லை.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரிவாகக் கூறுகின்றோம் எனில், உணவைத் திருத்தினால் மூட்டு வலி தீருமா என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கின்றது. முதல் வகையினருக்குக் குடலை அமைதிப்படுத்தும் எதுவும், மருந்தாயினும் உணவாயினும், முழங்காலுக்கும் நன்மை தரும். முதுகெலும்பைப் பற்றிய வகையினருக்கு உணவு உடலைத் தேற்றுமேயன்றி வலியைப் போக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. அவர்களுக்கு முறையான உடற்பயிற்சியும் மருந்துமே முதன்மையானவை.

கடை மாத்திரையும் ஜாமுவும்

உணவுக்குச் செல்லுமுன் இதனைச் சொல்லியாக வேண்டும். போன்ஸ்தான், வோல்டரன், புரூபன் முதலிய வலி மாத்திரைகள் மூட்டு வலிக்குக் கைகண்டவை என்று தோட்டங்களில் வழங்குகின்றன. குடல் அழற்சி உள்ளவருக்கு இவ்வகை மாத்திரைகள் இரைப்பையையும் குடலையும் புண்படுத்தி, அடங்கியிருந்த நோயை எழுப்பிவிடக் கூடும். மூட்டு வலிக்கு மாத்திரை. மாத்திரையால் குடல் சீற்றம். குடல் சீறியதால் மேலும் மூட்டு வலி என்று இது வளையமாகச் சுற்றும். மருத்துவர் அறிந்து, குறுகிய காலத்திற்குக் கொடுத்தாலன்றி இவற்றை உட்கொள்ள வேண்டா. அவசரத்திற்குப் பனடோல் தக்கது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒருநாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மது அருந்துவோரும் உடல் மெலிந்தோரும் அதனினும் குறைவாகவே கொள்ள வேண்டும்.

ஜாமு, மாஜூன் என்று பொட்டலங்களில் வருபவற்றைப் பற்றி இன்னும் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியுள்ளது. "இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து களவாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து அறிவித்திருக்கின்றது. முகம் ஊதுதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு வலுவிழத்தல் ஆகியவை பின்னால் வரும். பல மாதம் உட்கொண்டபின் திடீரென நிறுத்துவதும் உயிருக்கே தீங்காகலாம். ஆதலின், உட்கொண்டு வந்திருப்பின் மறைக்காமல் மருத்துவரிடம் பொட்டலத்தையே காட்டுங்கள். பதிவு பெற்ற பொருளில் மால் என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருக்கும்; அது இல்லாததைத் தொடவே வேண்டா.

இன்னொன்று. நீண்டநாள் வயிற்றுப்போக்கும் மெலிவும் உள்ள எல்லாருக்கும் குடல் அழற்சி நோய் என்பதன்று. குடலைப் பற்றும் காசநோய், குரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். நம் நாட்டிலும் தமிழகத்திலும் மருத்துவர்களையே மயங்க வைப்பது இது. காசநோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவிவிடும். குடலினுள் குழாய்க்கருவி செலுத்திப் பார்த்து, சிறு துணுக்கெடுத்துச் சோதித்த பிறகே மருத்துவர் முடிவு சொல்வது இதனாலேயே. அச்சோதனைக்கு அழைத்தால் அஞ்சி ஒளிதல் ஆகாது.

குடல் சீறியிருக்கும் காலத்தில் உணவு

குடல் அழற்சியைக் குணப்படுத்தும் உணவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. எனினும், நோய் சீறியிருக்கும்போது குடலுக்கு வேலை குறைத்து, உடலுக்கு வலுக் குறையாமல் பார்த்துக் கொள்ளுதல் நம் கையில் இருக்கின்றது.

குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, இடியப்பம் ஆகியவை ஏற்றவை. கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பது நம்மிடையே உள்ள பழக்கம், அதுவே பெருந்தவறு. அழற்சி உடலின் தசையைக் கரைக்கும். தொடைத் தசை மெலிந்தால் முழங்கால் மேலும் தளரும். ஆதலால், நோய் சீறியிருக்கும் காலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலான புரதம் வேண்டும்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்மணிக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகின்றது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் உண்டு. கஞ்சியில் முட்டையை உடைத்து ஊற்றிக் காய்ச்சலாம். மீனை எண்ணெயில் பொரிக்காமல் காரம் குறைத்துக் குழம்பாகவோ ஆவியிலோ சமைக்கலாம். தோல் நீக்கிய கோழி, மெல்லிய தௌஹு, நன்கு வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு ஆகியவற்றையும் வயிறு ஏற்றால் கொள்ளலாம்.

காய்களில் பூசணி, காரட், தோல் விதை நீக்கிய சுரை, பீர்க்கு முதலியவற்றை நன்றாக வேகவைத்துக் கொள்ளுங்கள். பச்சைக் காய்கறி, சோளம், நிலக்கடலை, விதையோடு கொய்யா, முற்றிய முருங்கைக்காய்ச் சக்கை, நார் மிகுந்த கீரைத்தண்டு ஆகியவற்றைச் சீற்றம் தணியும்வரை தவிர்க்கலாம். குரோன் நோயால் குடல்வழி குறுகியிருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால், இவற்றைச் சீற்றம் தணிந்த பின்னரும் விலக்க வேண்டும். குறுகிய வழியில் நார் சிக்கினால் அடைப்பு ஏற்படும். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமற் போனால் அது அடைப்பின் அறிகுறி. விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆயினும் புண்பட்ட குடலில் எரிச்சலையும் அவசரத்தையும் கூட்டும். தேங்காய்ப்பால் திரண்ட கறியும் பொரித்த பண்டமும் சிறுகுடலின் கடைப்பகுதியில் நோய் உள்ளவருக்குப் பேதியை மிகுவிக்கும்.

தேநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் காலை உணவென்பது பலருக்கு டின்பால் கலந்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமே. டின்பாலில் பாற்சர்க்கரை உண்டு. ஆசிய மக்களில் பெரும்பாலோருக்கு வயது வந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. குடல் புண்பட்டிருக்கும்போது அது இன்னும் குறையும். டின்பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வயிற்றுப் பொருமலும் போக்கும் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. குறையாவிட்டால் மீண்டும் குடிக்கலாம். தயிரிலும் மோரிலும் பாற்சர்க்கரை குறைவாதலால் அவற்றைப் பலர் ஏற்பர். மேலும், இரத்தம் போவதால் சோகை உள்ளவர்கள் உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது தடைப்படும். உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருத்தல் நன்று.

பேதி மிகுந்தால் வெறும் தண்ணீர் போதாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் குடியுங்கள். வெயிலில் வேலை செய்பவர் இதனைப் போத்தலில் கொண்டு செல்லலாம்.

சோற்றை நிறுத்தலாமா?

மாவுப் பொருளை அறவே நீக்கினால் மூட்டு வலி போய்விடும் என்றொரு கருத்து உலவுகின்றது. இது எவரோ கட்டிவிட்டதன்று. முதுகெலும்பு அழற்சி உள்ளவர்களின் குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்னும் நுண்ணுயிரே நோயைத் தூண்டுகின்றது, அது மாவுப் பொருளை உண்டு பெருகுகின்றது என்று இலண்டனில் எப்ரிங்கர் என்ற மருத்துவ அறிஞர் கூறிவந்தார். சிலர் அவ்வுணவால் நலம் பெற்றதாகவும் கூறுவர். ஆனால், பெரிய அளவில் முறையாகச் சோதித்து அது நிறுவப்படவில்லை. சோறு, இட்லி, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விலையுயர்ந்த இறைச்சியும் காயும் உண்டு வாழும் வசதி நகரத்தில் சிலருக்கு இருக்கலாம். நாள்முழுதும் மேட்டில் நடந்து வேலை செய்யும் மெலிந்த உடலுக்கு அது பட்டினியில்தான் முடியும். குடல் நோயாளிக்கு எடை குறைவது மூட்டு வலியினும் பெரிய கேடு. சோற்றை நிறுத்த வேண்டா என்பதே எம் கருத்து.

அமெரிக்காவில் குரோன் நோயாளிகள் 194 பேரிடம் இரண்டு உணவு முறைகளை ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒன்று, தானியங்களை முற்றிலும் விலக்கிய கடும் பத்தியம். மற்றொன்று, மீன், காய்கறி, பருப்பு, தானியம், நல்லெண்ணெய் வகை அனைத்தும் கொண்டு, சிவப்பிறைச்சியைக் குறைத்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவு. ஆறு வாரத்திற்குப் பின் இரு பிரிவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் நலம் கண்டனர். கடும் பத்தியம் இருந்தவர்கள் கூடுதலாக ஒன்றும் பெற்றுவிடவில்லை. நம் வீட்டுச் சமையலில் சோறும் மீன்குழம்பும் பருப்பும் காயும் மோரும் இருந்தால், அது அந்த இரண்டாம் முறைக்கு அண்மையிலேயே இருக்கின்றது. எண்ணெயைக் குறைத்தால் போதும்.

நீக்க வேண்டியவை வேறு. பொட்டல மீ, சோசேஜ், பொட்டலத் தின்பண்டம், இனிப்புப் பானம் ஆகிய ஆலை உணவுகளை மிகுதியாக உண்போருக்குக் குடல் அழற்சி நோய் கூடுதலாக வருவதாக, 21 நாடுகளில் ஏறத்தாழ 116,000 பேரைப் பல்லாண்டு கவனித்த ஆய்வொன்று 2021இல் தெரிவித்தது. அவைதாம் நோய்க்குக் காரணமென்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை. ஆயினும் அவற்றைக் குறைப்பதால் இழப்பு ஏதுமில்லை. கடைச் சாமானின் செலவும் குறையும்.

மஞ்சளும் மீனெண்ணெயும்

மஞ்சள் குடல் புண்ணை ஆற்றும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் உண்மை உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருளை வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, பெருங்குடல் புண் அழற்சி திரும்பத் தலையெடுப்பது குறைந்ததாக ஜப்பானிய மருத்துவர்கள் 2006இல் எழுதினர். அவர்கள் நாளொன்றுக்குக் கொடுத்தது 2 கிராம் குர்குமின். சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருப்பதால், அந்த அளவைப் பெற 60 கிராமுக்கு மேல் தூள் தின்ன வேண்டும்! குழம்பில் மஞ்சள் போடுங்கள். ஆனால் அதனை மருந்தென்று எண்ணி மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள். மருந்தோடு சேர்த்துத்தான் அங்கும் கொடுத்தார்கள்.

மீனெண்ணெய்க் குளிகைகளும் அவ்வாறே. அவை குரோன் நோய் திரும்பாமல் தடுக்குமா என்று நடத்திய இரண்டு பெரிய சோதனைகளும் பயனில்லை என்று 2008இல் முடிவு கூறின. குளிகைக்குக் கொடுக்கும் பணத்திற்குக் கெம்போங் மீனை வாங்குவது மேல். அதில் அந்த நற்கொழுப்பும் இருக்கின்றது, புரதமும் இருக்கின்றது. நெத்திலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி, எலும்போடு பொடித்துச் சோற்றில் பிசைந்தால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கு எலும்பு தேயாமலிருக்க இது மிகவும் வேண்டும். தோட்டத்து நிழலில் உடலை மூடி வேலை செய்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். இரத்தச் சோதனையின்போது கேளுங்கள்.

குடலுக்கும் மூட்டுக்கும் ஒரே மருந்து உதவும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா சுவார்ட்ஸ், மூட்டு அழற்சிக்கென உருவாக்கச் செய்து 1940களில் அறிமுகப்படுத்திய சல்பாசலசீன் என்னும் மருந்து, குடல் புண்ணையும் ஆற்றுவதை அவரே கண்டார். இன்றும் அது கொடுக்கப்படுகின்றது. அதனை உட்கொள்வோருக்கு ஃபோலிக் அமிலம் குறையும். அதற்கான மாத்திரையையும் சேர்த்தே கொடுப்பர். சீற்றம் தணிந்த காலத்தில் முருங்கைக்கீரை இலையை மட்டும் உருவி, பருப்போடு வேகவைத்து உண்பதும் நல்லது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இம்மருந்து வாங்குமுன் அதனைச் சொல்லிவிட வேண்டும்.

கள்ளும் சாராயமும் குடலை உறுத்தும். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து உட்கொள்வோர் மது அருந்தினால் கல்லீரல் கெடும். புகைபிடித்தல் குரோன் நோயை மோசமாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

நிரையில் வேலை செய்யும்போது

நகரத்தில் அலுவலகப் பணி செய்பவருக்கு இல்லாத தொல்லை ஒன்று தோட்டத் தொழிலாளிக்கு உண்டு. நிரையில் கழிவறை இல்லை. இதற்கு அஞ்சியே பலர், குறிப்பாகப் பெண்கள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், நண்பகல் வரை தண்ணீரும் குடிப்பதில்லை. இதனால் உடல் தளர்ந்து, மூட்டு வலியும் மிகுந்ததாகத் தோன்றும். முதல் நாள் இரவு உணவை முன்னதாக முடித்து, விடியற்காலை எழுந்ததும் வெந்நீரும் சிறிது உணவும் கொண்டு, வயிறு கழிவதற்கு அரைமணி நேரம் விட்டுப் பின் புறப்படுவது சிலருக்கு உதவுகின்றது. அந்த அரைமணி நேரத்தில் மூட்டுகளை மெல்ல நீட்டி மடக்கினால் காலை இறுக்கமும் தளரும். ஸ்டோருக்கு அண்மையிலுள்ள நிரையைத் தருமாறு மண்டோரிடம் கேட்பதில் வெட்கமில்லை. மருத்துவரின் கடிதத்தைக் காட்டுங்கள்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, பணிக்காலம் இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாளும், ஐந்தும் அதற்கு மேலுமாயின் 22 நாளும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்புப் பெற உங்களுக்கு உரிமையுண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை உண்டு. சான்றிதழைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் படி ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதி வாருங்கள்: என்ன உண்டீர்கள், எத்தனை முறை வயிறு போயிற்று, இரத்தம் இருந்ததா, காலையில் மூட்டு இளக எவ்வளவு நேரமாயிற்று. ஐயத்திற்குரிய உணவை ஒரு நேரத்தில் ஒன்றாக இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, மீண்டும் சேர்த்துப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே நிறுத்தினால் எது காரணமென்று தெரியாது, உடலும் வாடும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்தால் அது குடல் நோயின் வலியென்று இருந்துவிடாதீர்கள். மூட்டினுள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் சிவந்து, வெளிச்சம் பார்த்தால் வலித்தாலும் அவ்வாறே.

மற்றபடி, முதலில் தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ காட்டி, அம்பாங் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள். செல்லும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை உறைகளையும், ஜாமுப் பொட்டலம் இருந்தால் அதனையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முழங்காலைப் பார்த்து முடித்ததும், அவர் கேட்காவிட்டாலும், வயிற்றைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.